முதுகுப்பக்கம்

எம்.சி. ரோட்டில் ஜக்கரியா பாய் கடை.
கூரையிலிருந்து தொங்கிய பைகளை
நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
கொண்டுபோன கட்டைப்பையைக்
கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தேன்.
மூன்றடுக்கு டிபன் கேரியர், மழைக்கோட்டு,
ஒரு ட்யூப், பஞ்சர் ஒட்டும் டப்பா,
தண்ணீர் பாட்டில், மடித்த வெள்ளைக் கோட்டு.

“வாங்க வந்தியாம்மா, விக்க வந்தியா?”

“இதெல்லாம் உள்ள போவணும், பாய்.
கேரியர் படுக்கக் கூடாது, நின்னுக்கினே வரணும்.
சாஞ்சா, மீன் குழம்பு கோட்டுல எறங்கிடும்.
ரத்தம் எடுக்கிறவ
செவப்புக் கறையோட போய் நின்னா
ஊசியப் பாக்கறதுக்கு முன்னாடியே மயங்கிடறாங்க.”

முதல் பையில் பதினாறு அறை.
எங்கள் வீட்டில் இரண்டு.
எந்த அறையில் எதை வைத்தேன் என்று தேடவே
தனியாக ஒரு ஷிஃப்ட் வேண்டும்.

இரண்டாவதின் ஜிப் தங்கமாய் மின்னியது.
நகத்தால் சுரண்டினேன்.
காசிமேட்டு உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா.
பழைய பை ஒரே ஆடியில் வாய் இறுகிப்போய்
பிளேடால் கிழித்துத்தான் எடுத்தேன்
என் மத்தியானச் சோற்றை.

பிளாஸ்டிக் பல் வைத்த மூன்றாவதை மாட்டினேன்.
குறுக்கு வாரின் கிளிப்
யாரோ ஓர் ஆணின் மார்புக்கு அளவெடுத்தது.
அது எங்கே வந்து நின்றதென்று
எங்கள் இருவருக்குமே தெரிந்தது.
பாய் தெருவைப் பார்த்தார்.
ஏற்றி இறக்க முடியுமா என்று கேட்டதற்கு
தெருவைப் பார்த்தபடியே
“முடியும்” என்றார்.

செல்போனை அவரிடம் அடகு வைத்துவிட்டு
ஜி.ஏ. ரோடு முனை வரை ஒரு மிதி.
இடுப்பில் உட்கார்ந்தது. நல்லது.
திரும்பிப் பார்த்தால்
பையின் உச்சி பின்மண்டையில் இடித்தது.
வேண்டாம்.
பின்னால் பார்க்க முடியாத கழுத்தோடு
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒருத்தி போகக் கூடாது.

“அப்ப இந்தக் கறுப்பு. உயரம் கம்மி. அழுக்குத் தாங்கும்.”

நான் அழுக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

கார்த்திகை மாசம், விடியற்காலை அஞ்சரை,
தூறல்.
என் ஹேண்டில்பாரை உரசாமல் உரசி
கீச்சென்று நின்றது ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர்.
குதித்து ஓடிவந்த கிளீனர் பையனுக்குத்தான்
என்னைவிட நடுக்கம்.
“சத்தியமா நீ தெரியவே இல்லக்கா.”
அவன் பொய் சொல்லவில்லை.
பின்னால் வருகிறவனுக்கு என்னிடம் முகம் கிடையாது,
வயது கிடையாது, லேப் டிப்ளோமா கிடையாது.
ஒரு முதுகு.
அதன்மேல் கட்டியது எதுவோ அது.

மூலையில் பாலிதீன் உறைக்குள் கிடந்தது
ஓமப்பொடி மஞ்சளில் ஒன்று.
குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு
வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டை.
“மூணு வருசமா இதத் தொட்டவன் கெடையாது.
ஊர்ல சிரிப்பாங்கம்மா, மஞ்சப்பைன்னு.”
“சிரிக்கட்டும். பாத்தாத்தானே சிரிக்க முடியும்.”
எண்ணூறு சொன்னார். அறுநூற்றைம்பதில் நின்றார்.

ராத்திரி உள்மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதினேன்.
நாள் முழுக்க அடுத்தவர் குழாய்களுக்குப்
பெயர் ஒட்டும் கை
தன் பெயருக்குக் கொஞ்சம் தயங்கியது.
த. ஜெயசீலி.
பி நெகட்டிவ்.
கிடைக்க நேரமாகும் என்பதை எழுதவில்லை.

காலையில் ஜீரோ கேட்டுக்கு
மைல் நீளத்துக்கு ட்ரெய்லர் வரிசை.
கிடைத்த ஓர முழ இடத்தில் நான்.
உயரத்துக் கேபினிலிருந்து ஒரு குரல்:
“ஏ மஞ்சப்பை! ஜிப்பு தொறந்திருக்கு!”

ஒரு காலை ஊன்றி, கையைப் பின்னால் வளைத்தேன்.
எட்டவில்லை.
கடையில் இதைச் சோதிக்க மறந்திருக்கிறேன்.

இறங்கி வந்தான் யாரோ.
சர்ரென்று இழுத்து மூடினான்.
ட்ரெய்லரின் தகரத்தைத் தட்டுகிற மாதிரியே
பையை இரண்டு தட்டு தட்டி,

“ரைட்டு, போலாம்.”