பதின்மூன்று சொற்கள்

பெரோஸா டீச்சர் கேட்டது ஐந்நூறு சொல்.
விஞ்ஞான தினம், பிரதான மண்டபம், மூன்று நிமிடம்.
தலைப்பை நானே எடுத்தேன்.
டெங்குவுக்கு முன்னமே நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டது பேனா.
கலைச்சொல் அகராதியில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது,
விலைச்சீட்டுக் கழற்றாத சட்டை மாதிரி,
யாரும் போட்டுப் பார்க்காதது.
உம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இஹ்ஸானுக்கும்.
ஆகவே டொக்டர் சொல்கிறபடியே எழுதினேன்:
சிஸ்டிக் பைப்ரோசிஸ்.
வாசிக்கையில் நாக்கு ஒருமுறை தடுக்கும். தடுக்கட்டும்.

நுரையீரலில் சளி பசைபோல் இறுகும்.
கணையத்தின் வழி அடைபடும்.
வியர்வையில் உப்பு மிகும்.
இதுவரை புத்தகம்.

அவன் நெற்றியில் கொஞ்சினால்
உதட்டில் காய்கிறது காலிமுகத்திடல்.
எழுதிவிட்டு வெட்டினேன்.

தெமட்டகொடை தொடர்மாடி, நாலாம் மாடி, காலை ஐந்தரை.
சுபஹ் பாங்கு ஓய்ந்து
முதல் ரயில் தண்டவாளத்தை உரசும்போது
அவனைத் தலையணைமேல் குப்புறப் போட்டு
தண்ணீர் அள்ளுவதுபோல் கையைக் குவித்துத் தட்டுவேன்.
வலப்பக்கம், இடப்பக்கம், விலாவோரம்.
டொப் டொப் டொப்.
விரித்த கை பட்டால் நோகும்.
குவிந்த கை பட்டால் உள்ளே ஏதோ கதவு அசையும்.
கீழ்வீட்டு சந்திராணி அக்கா ஒருநாள் ஏறி வந்து
வாசலில் நின்று சிங்களத்தில் கேட்டார்,
பிள்ளையை ஏன் தினமும் அடிக்கிறீர்கள் என்று.
இதை வெட்டவில்லை. டீச்சர் வெட்டினார், சிவப்பு மையில்:
‘சொந்த விடயம் தவிர்க்கவும்.’

பொரளைக்கு, சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில்
அவன் இருமினால் ஒரு சீட் காலியாகும்.
இன்னும் இருமினால் இன்னொன்று.
‘எங்களுக்கு மட்டும் எப்பவும் இடம் கிடைக்குது’ என்பான்
காலை நீட்டிக்கொண்டு.

நான்காம் பந்தி, பரம்பரை.
தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று.
கொடுப்பவருக்கே தெரியாமல் கைமாறும்.
உம்மா அடுப்படியில் நின்றபடி வாசித்தார்.
உம்மாவும் வாப்பாவும் மாமி பிள்ளை, மாமா பிள்ளை.
கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.
தாளை நாலாய் மடித்துத் தந்தார்.
‘இத வாப்பாவுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பாத மகள்.’

வாப்பா டோஹாவில் இரட்டை ஷிப்ட்.
மாதக்கடைசியில் யார் பெட்டிக்குள்ளாவது
உடுப்புக்கு நடுவே வந்துசேரும் குளிசைப் போத்தல்கள்.
ஒரு மாலு பணிஸுக்கு மூன்று,
ஒரு கோப்பை பாலுக்கு ஒன்று.
இந்தக் கணக்கில் எனக்கு எப்போதும் நூறு.

அந்த ஒன்று என் இரத்தத்திலும் இருக்கலாம்.
மூன்றில் இரண்டு பங்கு.
அதை எங்கேயும் எழுதவில்லை, இங்கே தவிர.

இரவு நெபுலைசர் ஆவிக்குள்ளிருந்து
இஹ்ஸான் விரல் வைத்து வாசித்தான்.
முகமூடியை ஒதுக்கிக் கேட்டான்:
‘எத்தன வயசு வரைக்கும் எண்டு போடல்லயே?’
‘சொல்லு கூடிப்போகும்.’
உடனே எண்ணத் தொடங்கினான்.
ஒன்பது வயது, கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகிய கை.
வரிக்கு வரி ஓரத்தில் கோடு போட்டான்.
நானூற்று எண்பத்தேழு.
‘இன்னும் பதின்மூணு இருக்கு ராத்தா.’

மெஷின் ஒருமுறை உறுமி நின்றது.
ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டேயிருந்தார்கள்,
அது பிடிக்கவேயில்லை.
நான் பேனாவை மூடினேன்.
அவன் பென்சிலை எடுத்தான்.

இது தொத்தாது.
பக்கத்தில் உட்காரலாம்.
ராத்தா மெதுவாத்தான் தட்டுவா.
பந்து வீச எனக்கும் ஒரு ஓவர் தாங்க.

எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டினேன்.
‘தொத்தாது’ என்பதை அப்படியே விட்டேன்.
சிவப்பு மை டீச்சரிடம் இருக்கிறது.