ஆறு மணி மட்டம்

பில்லிகுண்டுலுவில் ஆறு மணி மட்டம் எழுதியாயிற்று.
வரத்து ஏழாயிரம் கன அடி.
பேனாவைச் செருகிவிட்டு
ஓரத்துக் கல்லொன்றைப் புரட்டினேன்.

ஒட்டிக் கிடந்தது,
அரிசி நீளம், மூன்று வால்,
விலாவெல்லாம் செவுள் துடிக்க.
எங்கள் பக்கம் இதற்குத் தனிப் பெயர் இல்லை.
திம்மராயன் ஈசல் என்பான்.
ஈசல் மண்ணிலிருந்து வரும், மழையை நம்பி.
இது தண்ணீரிலிருந்து,
எதை நம்பி என்று இன்னும் பிடிபடவில்லை.

நேற்றுவரை வெளுத்திருந்த இறக்கைப் பை
கறுத்திருந்தது.
அப்படியென்றால் இன்றைக்குத்தான்.

அக்கரை மருத மரங்களின் நிழல்
எங்கள் படியைத் தொட்டபோது காற்று நின்றது.
முதலில் ஒன்று.
பிறகு எண்ண முடியாதபடி,
ஆற்றின் தோலையும் தங்கள் தோலையும்
ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு.

கரையேறியதும் மறுபடி உரிக்கும்.
இறக்கை முளைத்த பிறகும் சட்டை கழற்றுகிற
பூச்சி வேறு நான் பார்த்ததில்லை.
என் சட்டைப் பைமேல் உட்கார்ந்து
ஒன்று உரித்துவிட்டுப் போனது,
கால், வால் எல்லாம் அச்சாக,
ஆள் மட்டும் இல்லாமல்.

வாய் கிடையாது அதற்கு.
ஒரு வருஷம் பாசி தின்றது போதுமென்று
வாயை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறது.

வாய் உள்ளவை கீழே காத்திருந்தன.

கீரிச் சேவலின் கழுத்து இறகை
சின்னஞ்சிறு முள்ளில் கட்டி வைத்திருந்தேன்.
நூல், அஞ்செட்டி டெய்லரிடம் கேட்டு வாங்கியது.
மிதக்கவிட்டேன், பத்துத் தடவைக்கு மேல்.
ஆயிரம் நிஜத்துக்கு நடுவில்
என் ஒரு பொய்யை எந்தக் கெண்டையும் மதிக்கவில்லை.

"வாயக் காட்டல, முதுகத்தான் காட்டுது, பாத்தியா?"
பீடியை எடுக்காமலே சொன்னான் திம்மராயன்.

பார்த்தேன்.
பறந்ததைத் தின்னவில்லை அது.
பறக்கப் போவதைத் தின்கிறது,
ஒரு விரற்கடை கீழே,
பாதிச் சட்டையில் தலை மாட்டிக்கொண்டிருப்பதை.

இறகை வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்தேன்.
வீசினேன். முங்கியது.
நரம்பு இறுகியது.

அரைக் கிலோ இருக்கும்.
முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தால்
தொண்டை முழுக்கக் கிழியாத சட்டைகள்.
ஏனோ கூடையில் போடத் தோன்றவில்லை.
திம்மராயன் திட்டினான்.

ஏழு மணி மட்டம் மறந்தே போனது.
ஏழேகாலுக்கு டார்ச் அடித்தால்
அளவுகோலில் எண்களே இல்லை.
முட்டையிட்டு முடித்த இறக்கைகள்
ஈரத்தோடு அப்பிக் கிடந்தன.
உள்ளங்கையால் வழித்துவிட்டுத்தான்
மட்டம் படித்தேன்.

நோட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுதினேன்:
இயல்பு.