பகுதி ஏழு: படிக்க மட்டும்

ரெஜைனாவில் இன்றிரவு மைனஸ் முப்பத்தெட்டு.
பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில்
மெயின்ஃப்ரேமுக்கு மட்டும் இந்தக் குளிர் போதவில்லை,
அதற்கென்று தனியே ஒரு குளிர்விப்பான் இரைகிறது.
நான் கோட்டைக் கழற்றவில்லை.

பதினொரு மணிக்கு என் வேலை எளியது.
பகுதி ஏழை
எழுதும் நிலையிலிருந்து படிக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும்.
அசையாமல் நின்றால்தான் நகலெடுக்க முடியும்.
ஆலங்கட்டியில் படுத்துவிட்ட கோதுமைக்கு
மூன்று மணிக்குக் காசோலைகள் அச்சாக வேண்டும்.

கட்டளையைத் தட்டினேன்.
காத்திருக்கிறது, என்றது கன்சோல்.
காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
காத்திருக்கிறது.

உள்ளே ஒருவர் இருக்கிறார்.
எஸ்டவன் கிளை, டெர்மினல் பன்னிரண்டு,
மாலை நாலு பத்திலிருந்து
ஒரு பதிவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்.
வெண்டல் ஸ்ட்ரூக், இழப்பு மதிப்பீட்டாளர்.
புதிதாக யாரையும் உள்ளே விடாது இயந்திரம்;
இருப்பவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் தள்ளாது.
இந்த நாகரிகத்தை யார் அதற்குக் கற்றுக்கொடுத்தார்களோ.
சும்மா இருப்பவரைத் தானே வெளியேற்றும் கெடுவொன்று இருந்தது.
அறுவடை நெருக்கடிக்காக
அக்டோபரில் அதை எடுத்துவைத்தது நான்தான்.
திரும்பப் போடவில்லை.

என்னிடம் இன்னொரு கட்டளை உண்டு, நாகரிகம் தெரியாதது.
தட்டினால் அவர் அரைகுறையாய் எழுதியதெல்லாம்
கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு
ஒவ்வொன்றாய் அழியும்,
நாலு பத்து வரவே இல்லை என்பதுபோல.
போன வருடம் ஒருமுறை தட்டினேன்.
யார்க்டன் கிளையின் பெர்னிஸ்
கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை.

அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.
"ஐஸ் போடப் போயிருக்கிறார்" என்றாள் மனைவி,
மாவு பிசையப் போயிருக்கிறார் என்பதுபோல.
ரிங்க் குடிசைக்கு ஃபோன் செய்தேன்.
பதினான்காவது மணியில் எடுத்தார், மூச்சு வாங்க.

"ஸ்ட்ரூக், உங்கள் திரை இன்னும் திறந்திருக்கிறது."
"எது? அடடா, லிஸ்டாடின் டுரம்.
ஏக்கர் பாதி போட்டேன், யாரோ கூப்பிட்டார்கள்."
"போய் மூட முடியுமா?"
"குழாயில் தண்ணீர் ஓடுகிறது, ஒரீசியா.
இப்போது நிறுத்தினால் ஹோஸ் கல்லாகிவிடும்.
ஒரு மணி நேரம் கொடு."
ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை என்றேன்.

பதில் வரவில்லை.
பிறகு, வாயை ஃபோனிலிருந்து விலக்கி, ஓர் அலறல்:
"கோல்பி! எத்தனை தடவை சொல்வது,
தண்ணீர் உறையும்வரை யாரும் இறங்கக்கூடாது!
ஓரத்தில் நின்று பார், போதும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
"இவன் ஒருத்தன் வெளியே போனால்
என் வேலை முடியும்" என்றார்.
"எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

கம்பியில் காற்று மட்டும் கேட்டது.
"தட்டிவிடு" என்றார் ஸ்ட்ரூக்.
"அந்த ஏக்கர் கணக்கு எனக்கே சந்தேகம்.
காலையில் லிஸ்டாடைக் கேட்டுப் போடுகிறேன்.
பெர்னிஸ் மாதிரி நான் கோபிக்க மாட்டேன்."
பெர்னிஸ் கதை எஸ்டவன் வரை போயிருக்கிறது.

தட்டினேன்.
பகுதியின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு பிட்
ஒன்றிலிருந்து பூஜ்யமானது.
வேறெதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.
நகல் டேப் சுழலத் தொடங்கியது.

பன்னிரண்டே காலுக்குப் பட்டியலைப் பார்த்தேன்.
பகுதி ஏழில் எழுதுபவர் எவருமில்லை.
படிப்பவர் ஒருவர்:
ஸ்விஃப்ட் கரன்ட், டெர்மினல் மூன்று.
ஒரே பதிவை
நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.
இந்நேரத்தில் யார், எதற்கு
என்று கேட்க எனக்கு வேலையில்லை.
பார்த்தால் எதுவும் கலையாது.

அந்தக் கெடுவை மறுபடி போட்டேன்,
இருபது நிமிடம்.
யோசித்து,
முப்பதாக்கினேன்.