ஏழாம் கேள்வி

துவார்னெனே, துறைமுகச் சாலை,
கடன் பிரிவு, இரண்டாம் சன்னல்.
மழை நாட்களில் வாடிக்கையாளருக்கு முன்பாக
மத்தி மீன் வாடை உள்ளே வந்துவிடும்.

பழைய படிவத்தில் ஏழாவதாக ஒரு கேள்வி இருந்தது:
கடந்த பத்தாண்டுகளில் உங்களுக்கு...
கீழே இரண்டு கட்டங்கள்.
ஆம், இல்லை.
இரவில் மட்டும் ஆம் என்பவர்களுக்குக்
கட்டம் இல்லை.

எனோரா கெர்வெல்லா முதல் கட்டத்தில் கோடு போட்டாள்.
ஒரு பேனாக் கீற்று, அவ்வளவுதான்.
பாரீசில் யாரோ ஒரு கணிப்பொறியைக் கேட்டார்கள்;
அவள் எத்தனை காலம் இருப்பாள் என்று
தசமப் புள்ளியோடு சொன்னது.
பிரீமியம் மும்மடங்கு, அல்லது வீடு வேண்டாம்.
கடிதத்தை நான்தான் மடித்தேன்.
மூன்றாக மடித்தால்
'வருந்துகிறோம்' சரியாக மடிப்பில் விழும்.

பிறகு பாராளுமன்றத்தில் கை தூக்கினார்கள்.
சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு,
நோய் திரும்பவில்லையென்றால்
கேட்கக் கூடாது, சொல்ல வேண்டியதும் இல்லை.
மறக்கப்படும் உரிமை என்று அதற்குப் பேர்.
எங்களைக் கேம்பேருக்கு அழைத்து அரைநாள் பயிற்சி:
காப்பி, வெண்ணெய்க் கேக், ஒரு வெள்ளைத் திரை.
'உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாது'
என்றார் பயிற்சியாளர்.
குறித்துக்கொண்டேன்.
பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார்.

நேற்று அவள் வந்தாள்.
அந்த வீடு போய்விட்டது, கோடைக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.
இது ஆலைக்குப் பின்சந்தில்;
கூரையில் பதினோரு ஓடு இல்லை, அவளே எண்ணியிருக்கிறாள்.
முதல்முறை பார்ப்பவனைப்போல் பெயர் கேட்டேன்.
எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

இப்போது ஏழாம் கேள்வி
வீட்டின் பரப்பளவு.

பேனா அவள் கையிலிருந்து நழுவியது.
எடுத்தாள். மறுபடி நழுவியது.
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இருட்டில் பூட்டைத் தேடும் சாவியாக
ஒன்றையொன்று தேடின.
மருந்து நரம்பு நுனிகளைத் தின்றிருக்கும்.
எனக்குத் தெரியாது.
நான் மழையைப் பார்த்தேன்.

'கேட்கலாம் நீங்கள்.'
'கூடாது, மேடம்.'
'தெரியும். அந்தச் சட்டத்துக்காக
ரென் வரை போய் மனுவுக்குக் கையெழுத்து திரட்டியவள் நான்.
நல்ல சட்டம்.
ஆனால் ஐந்தாண்டு முடிந்ததும்
மருத்துவமனையும் மறந்துவிட்டது, தெரியுமா?
ஆறு மாதத்துக்கொரு கடிதம் வந்தது.
பிறகு ஆண்டுக்கு ஒன்று.
பிறகு வாழ்த்துகள் என்று ஒன்று.
இப்போது மின்கட்டண ரசீது மட்டும்.
வீட்டு மருத்துவர் ஓய்வு பெற்றார்,
அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.
என் கோப்பில் இதயத்தைப் பற்றி ஒரு வரி உண்டு:
கவனிக்கவும்.
யார் என்று எழுதவில்லை.'

எங்கள் அலமாரியில் பத்தாண்டுத் திட்டம் இருக்கிறது,
பயிற்சியில் தந்தது, வழவழப்பான அட்டை.
அட்டையில் ஒரு பெண் கடற்கரையில் ஓடுகிறாள்.
உள்ளே 'பின்விளைவுகள்' என்று ஓர் அத்தியாயம்.
எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.
எதற்காக என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.

'வங்கி மறக்கணும், அவங்க மறக்கக் கூடாது.
இதை எந்தச் சன்னலில் சொல்வது?'

அதற்குப் படிவம் இல்லை என்றேன்.
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்,
அதனால் எதுவும் மாறவில்லை.

நான்கு பக்கம், நான்கு கையெழுத்து.
நான்கும் வேறு வேறு பெண்கள் போட்டவைபோல.
பழைய மாதிரியோடு ஒன்றும் பொருந்தவில்லை.
பொருந்தாவிட்டால்
வாடிக்கையாளரிடம் காரணம் கேட்டு
ஓரத்தில் எழுத வேண்டும்:
அது எங்கள் வங்கியின் விதி.
கேட்கக் கூடாது:
அது நாட்டின் சட்டம்.

அவள் குடையை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தாள்.
எழுந்து போய் விரித்துக் கொடுத்தேன்.
திரும்பி வந்து ஓரத்தில் எழுதினேன்:
காரணம், பேனா பழுது.

நல்ல பேனாதான்.
இதையும் அதில்தான் எழுதுகிறேன்.