கை கழுவிய இடம்

மரோண்டெராவிலிருந்து பஸ்ஸில் வந்தேன்,
மடியில் ஒரு பாக்கெட்.
உள்ளங்கை அகலம்.
உள்ளே கரும்புச் சக்கைப் பொடி, கறுப்பாய், ஈரமாய்.
ஜன்னலோரம் உட்காராதே என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்,
வெயில் பட்டால் செத்துப்போகுமாம்.
எது செத்துப்போகும் என்று கேட்டார் பக்கத்து இருக்கைக்காரர்.
கண்ணுக்குத் தெரியாதது, என்றேன்.
ஜெபக்கூட்டத்திலிருந்து வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ,
தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து தப்ஃபூமா அனுப்பிய பணம்
இரண்டு மூட்டை யூரியாவுக்கு.
நான் வாங்கியது இந்தப் பாக்கெட்டும்
ருகுட்ஸோவுக்கு ஒரு ஜோடி ஸ்கூல் ஷூவும்.
மிச்சம் மாவு டின்னுக்கு அடியில் இருக்கிறது.

அந்த மணற்காட்டை அவர் எப்போதோ கைகழுவிவிட்டார்.
மக்காச்சோளத்தின்மேல் மக்காச்சோளம்,
அதன்மேல் இன்னொரு மக்காச்சோளம்.
மண் உமியாகிவிட்டது.
எதைப் போட்டாலும் ஓட்டைச் சட்டி, என்பார்.

காற்றில் முக்கால் பங்குக்கு மேல் தழைச்சத்துதானாம்.
பயிற்சிக்கு வந்த பெண் சொன்னாள்.
மூக்கு முட்ட இழுத்து
அப்படியே திருப்பி விடுகிறோம்
நானும் என் மாடும் என் பயிரும்.
ஒரு பருக்கை ஒட்டுவதில்லை.

வாளியில் சர்க்கரைத் தண்ணீர். அதில் பொடி.
புரட்டப் புரட்ட
மஞ்சள் சோயா முகத்தில் கரி பூசிக்கொண்டு
திருடக் கிளம்பியதுபோல் ஆனது.
பொழுது சாய்ந்தபிறகு நட்டேன்,
ஒவ்வொன்றையும் உடனுக்குடன் மூடி.
கடைசி மூன்று வரிசைக்குப் பொடி எட்டவில்லை.
வெறும் விதை.
வரப்போரம் வாளியை அலசிக் கொட்டினேன்,
நகக்கண் கறுப்பைத் தேய்த்துக் கழுவினேன்,
வீட்டுக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் மழை பெய்தது, மறந்தது, நினைவு வந்து பெய்தது.
பயிர் முதலில் வெளுத்தது.
கொழுந்தன் டோங்காய் சைக்கிளை நிறுத்தி
ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டான்:
"மைகுரு, யூரியா போட்ட பயிரா இது?"
நான் களை பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.
பொய்க்குக் குனிந்த முதுகு வசதி.

ஆறாவது வாரம் மண்வெட்டியோடு போனேன்.
இழுக்கக் கூடாது, தோண்ட வேண்டும்;
இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.
வேரெல்லாம் அம்மை வார்த்ததுபோல் கொப்புளம்.
போன வருடமாயிருந்தால் நோய் என்று பிடுங்கி எரித்திருப்பேன்.
ஒன்றை நகத்தால் கீறினேன். வெள்ளை:
உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளி.
இன்னொன்று பச்சை, உழைத்து ஓய்ந்தது.
மூன்றாவதைக் கீறியதும்
விரல் தானாகப் பின்வாங்கியது.

சிவப்பு.
பால்பல் விழுந்த அன்று ருகுட்ஸோவின் ஈறு இருந்ததே,
அந்தச் சிவப்பு.
காற்று அதிகம் பட்டாலும் அதுகளுக்கு வேலை ஓடாதாம்,
மூச்சை அளந்து ஊட்டத்தான் இது ஊறுகிறதாம்.
செடிக்கு ரத்தம் இருக்குமென்று
யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
அந்த விரலை உடனே துடைக்க மனம் வரவில்லை.

கடைசி மூன்று வரிசையும் மஞ்சள்தான்.
ஒளிவுமறைவில்லாத மஞ்சள்.
ஆனால் வரப்போரம், அவை முடிகிற மூலையில்
முழ நீளத்துக்குக் கரும்பச்சை,
ஐந்தே ஐந்து செடி.
இதுகளுக்கு யார் கொடுத்தது?
நான் கொடுக்கவில்லை.
நான் அங்கே கை கழுவினேன், அவ்வளவுதான்.

ராத்திரி போன் வந்தது.
சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்றேன்.
"பயிர் கறுத்துக்கிடக்கிறதாமே, டோங்காய் சொன்னான்.
எத்தனை மூட்டை போட்டாய்?"
இரைச்சல், அவர் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
"என்ன, பேச்சைக் காணோம்?"
"காற்று," என்றேன். "இங்கே நிறைய இருக்கிறது."
"அது எங்கேயும்தான் இருக்கிறது. மூட்டை எத்தனை?"

மாவு டின்னைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அவர் போனில் காசு தீர்ந்துவிட்டது.