நீலப் பென்சில்

வினிஃப்ரெட் தொரோகுட் எழுதிய ஒன்பது நாவல்களுக்கும்
முதல் வாசகன் நான்.
அட்டையில் ரெக்ஸ் காரட் என்று ஆண்பெயர் இருக்கும்.
அச்சுக்குப் போகுமுன்
கட்டு என் மேசைக்கு வரும்,
சணல் கயிறும் அரக்குமாக,
ஹாரிச் தபால் முத்திரையோடு.

வேலை எளிது.
பதினோரு வருடம் காதில் குழல் மாட்டி
அடுத்தவர் தொலைபேசியைத் தட்டச்சு செய்தவள்
சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாளா?
சொல்லியிருந்தால் நீலப் பென்சில்.
காரணம் எழுதும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

முதல் இரண்டில் ஒன்றுமில்லை.
துப்பாக்கி, மழை, பெர்லினில் ஒரு பல் மருத்துவர்.
கொலையாளிகள் எல்லாரும் நன்றாகத் தேநீர் போட்டார்கள்.
மூன்றாவதில் கப்பல் சமையல்காரன் ஒருவன்
மத்தி மீன் டப்பாவின் அடித்தகட்டில்
படச்சுருள் ஒட்டி அனுப்பினான்.
பதினான்கு பக்கம் அடித்தேன்.

ஒரு வாரத்தில் கடிதம்:
"அன்புள்ள வாசகருக்கு,
மீன் டப்பா என் சொந்தக் கற்பனை.
பாத்திரம் கழுவும்போது தோன்றியது.
அது உண்மையிலேயே நடந்ததென்று
தெரிவித்தமைக்கு நன்றி."

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் அவள் எழுதியது நாவல் அல்ல, தூண்டில்.
அத்தியாயத்துக்கு ஒரு புழு.
மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
இருபது வருட உத்தியோகத்தில்
வாசகர் என்று என்னை விளித்தவர் வேறு எவருமில்லை.

ஒரு ஞாயிறு, விதிக்குப் புறம்பாக, ஹாரிச் போனேன்.
மீன்கடை வரிசையில் அவளுக்கு இரண்டு பேர் பின்னால் நின்றேன்.
விரல் நுனிகளில் கார்பன் கறை.
சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.
திரும்பியே பார்க்கவில்லை.
அடுத்த நாவலில், மீன்கடை வரிசையில்,
பச்சைக் கழுத்துப்பட்டி கட்டிய மட்டமான ஒற்றன் ஒருவன் வந்தான்;
முதல் அத்தியாயத்திலேயே செத்தான்.
அதை நான் அடிக்கவில்லை.

விறுவிறுப்பு என்றார்கள் விமர்சகர்கள்.
ரயில் நிலையங்களில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் விற்றது.
வந்த பணத்தில்
துறைமுகம் பார்த்த ஜன்னலை அவள் அகலப்படுத்தினாள்.

அந்த ஜன்னல் எதற்கென்று எனக்குத் தெரியும்.
கோப்பு என் அலமாரியில் இருந்தது.
லெனர்ட் தொரோகுட், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர்,
ஐம்பத்தாறு நவம்பரில் ஸ்ட்ரால்சுண்ட் போகும் சரக்குக் கப்பலில் ஏறினார்.
மனைவிக்கு அனுப்பிய தாளில் ஒரே சொல்: திரும்பவில்லை.
கோப்பில் நான்கு பக்கம்.

ஒன்பதாவது கட்டு எழுபத்திரண்டில் வந்தது.
கதைநாயகன் ஒரு தந்திக்காரன்.
முடிவுகள் ஏழு.
ஒன்றில் பனிக்கட்டிக்கு அடியில் மூழ்குகிறான்.
ஒன்றில் வேறு பெயர், வேறு மனைவி, முள்ளங்கித் தோட்டம்.
ஒன்றில் காட்டிக்கொடுக்கிறான்.
இன்னொன்றில் அவனைக் காட்டிக்கொடுக்கிறார்கள்,
லண்டனில் இருக்கும் நம்மவர்களே.
நான் ஏதாவது ஒன்றை அடித்தால் போதும்.

ஏழையும் அடித்தால் புத்தகமே இல்லை.
எதையும் அடிக்காவிட்டால்,
தான் விதவையா என்பதுகூடத் தெரியாமல் ஒருத்தி.
மூன்று இரவு பென்சிலைச் சீவினேன்.
சீவிச் சீவி அது கட்டைவிரல் நீளமாயிற்று.

நான்காம் நாள் முழுவதையும் அனுமதித்தேன்.
ஆறாம் முடிவில் மட்டும்,
விடியலில் அவனைச் சுவரோரம் நிறுத்தும் இடத்தில்,
பழுப்பு மேலங்கி என்றிருந்தது.
பழுப்பின்மேல் ஒரு கோடு.
ஓரத்தில், பொடி எழுத்தில்: சாம்பல்.
எழுத்துப்பிழை ஒன்று என்று பதிவேட்டில் குறித்தேன்.

இம்முறை கடிதம் வரவில்லை.
புத்தகம் வந்தது.
லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் காசு கொடுத்து வாங்கி
நின்றபடியே பின்பக்கமிருந்து புரட்டினேன்.
ஒரு முடிவை அவளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.
எண்களைக்கூட மாற்றவில்லை,
ஐந்துக்கு அடுத்து ஏழு.

அச்சகத்தாரின் கவனக்குறைவு
என்று ஞாயிறு இதழ் ஒன்று கண்டித்திருந்தது.