குறில்

ஆஸ்பத்திரி வீதியில், மருந்துக்கடை வெளிச்சம் விழுகிற பக்கமாய்
ஓட்டோவை ஒதுக்கி நிறுத்துவேன்.
ஏழரைக்குத்தான் மெற்றில்டாவுக்கு டியூட்டி முடியும்.
சில நாள் எட்டேகால். வாட்டில் ஆள் குறைவு.
பின்சீற்றில் அவளுடைய மகள்.
என்னுடைய மகள் என்று சொல்ல
எனக்கு வாய் வராத காலம் அது.

ஜெனிற்றா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
தேவையென்றால் சீற்றைத் தட்டுவாள்.
ஒரு தட்டு, தண்ணீர்.
இரண்டு தட்டு, ஒண்டுக்கு.
கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நானும் பழகிவிட்டேன்.
கலியாணம் முடிந்து நாலு மாதம்.

ரீச்சர் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டா.
வீட்டில் பெரியவர் ஒருவர் சேர்ந்து வாசிக்க வேண்டுமாம்,
கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.
முன்னுக்கு எறிந்தாள். என் மடியில் விழுந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் பாதி.
மீதிப் பாதி,
குருநகரிலிருந்து சாவகச்சேரிக்கு நடந்த ஐப்பசி மழையில்
யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரில் போனது.
பிறகு அந்தச் சைக்கிளைக் காணவில்லை.
கடைப் பலகை, பெற்றோல் விலை, கடன் கொப்பி,
இவ்வளவும் வாசிப்பேன்.
ஒரு முழுக் கதையை, ஒரு பிள்ளைக்கு முன்னால்,
சத்தம் போட்டு வாசித்தவனில்லை.

விரல் வைத்துத் தொடங்கினேன்.
"ஆமை... சந்தைக்கு... கூடை விற்கப் போனது.
மழை வந்தது.
எல்லாரும் ஓடிவந்து ஆளுக்கொரு கூடை வாங்கித்
தலைக்கு மேலே பிடித்தார்கள்."

பின்னால் ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன்.
என் தோளுக்கு மேலால் ஒரு சின்ன விரல் வந்து
எழுத்தில் குத்தியது.
"அது கூ இல்லை. கு. குறில்.
குடை!
கூடை பிடிச்சா நனைய மாட்டினமே?"

எனக்குக் காது சுட்டது.
அவள் சிரித்தாள்,
முன்பல் விழுந்த ஓட்டை தெரியத் தெரிய.
கச்சான் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் வந்து
என் சீற்றில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.
ரீச்சர் வேறு வேறு புத்தகம் கொடுத்தா.
முயல் வந்தது, ரயில் வந்தது,
பல் விளக்காத ஒரு ராசா வந்தார்.
முடிவில் ஆமையிடம்தான் திரும்பி வருவோம்.
ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிப்பது என்று
வாயைத் திறந்து காட்டினாள்.
ஒருநாள் சுன்னாகத்துக்கு ஹயர் கேட்டு ஒருவர் வந்தார், நல்ல காசு.
ஏலாது என்றேன்.
பதினோராம் பக்கத்தில் நின்றோம்.

பிறகொரு மாலை
நான் ஓரிடத்திலும் தடக்கவில்லை.
"ஆமை சந்தைக்குக் குடை விற்கப் போனது."
வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன்,
சோதனை பாஸ் பண்ணினவன் மாதிரி.
"பிழை" என்றாள்.
"எங்க பிழை?"
"கூடை.
எங்கட ஆமை விக்கிறது கூடை."

அன்றைக்குக் கார்த்திகை மழை, காற்றும் சேர்ந்து.
மெற்றில்டா கேற்றிலிருந்து ஓடி வந்தா,
சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேலே பிடித்தபடி.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அடக்கப் பார்த்தோம். முடியவில்லை.

"என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?"
சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டா.
ஒன்றுமில்லை என்றேன்.
தாயோடு பின்னுக்குப் போயிருந்த ஜெனிற்றா
சீற்றைத் தட்டினாள்.
மூன்று தட்டு.
அது புதிது.

ஓட்டோவை எடுத்தேன்.